வரத்துக்கும் வரனுக்கும் நடுவே ஒரு ஸ்வரம்

வேதகால சமஸ்கிருதத்தில் 'வர' என்ற ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு பெயர்ச்சொற்கள் இருந்தன. முதல் அசையை உயர்த்திச் சொன்னால் 'தேர்வு, விரும்பிக் கேட்டது' என்று பொருள். இரண்டாம் அசையை உயர்த்தினால் 'தேர்ந்தெடுப்பவன், பெண் கேட்டு வருபவன்'. இரண்டுமே தமிழுக்கு வந்திருக்கின்றன: முன்னது வரம், பின்னது வரன். நாம் நம்முடைய அம், அன் ஈறுகளைச் சேர்த்து அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டோம். வேத மொழிக்கு அது தேவைப்படவில்லை. ஸ்வரம், அதாவது குரலின் ஏற்றம், எந்த அசையில் விழுகிறது என்பதே போதுமானதாக இருந்தது.

கிரேக்கத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. வெட்டுதல் என்ற பொருளுள்ள தெம்- என்ற வேரிலிருந்து தொமொஸ் என்ற சொல் இரண்டு விதமாகப் பிறக்கிறது. ஸ்வரம் முன்னே இருந்தால் 'வெட்டிய துண்டு'. பின்னே இருந்தால் 'வெட்டுகிற, கூரான'. பொரொஸ் என்பதும் அப்படித்தான்: முன்னே இருந்தால் 'செலுத்தும் கப்பம்', பின்னே இருந்தால் 'சுமக்கிற'. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த இரண்டு மொழிகள் இவ்வளவு நுணுக்கமான ஒன்றைத் தற்செயலாகப் பகிர்ந்துகொள்ள வாய்ப்பில்லை. ஆகவே இது இரண்டுக்கும் தாயான மொழியின் சொத்து. அந்தத் தாய்மொழிக்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. மகள் மொழிகளை ஒப்பிட்டு நாம் மீட்டெடுத்த வடிவங்கள் மட்டுமே உண்டு. அதைத்தான் மூல இந்தோ-ஐரோப்பியம் என்கிறோம். மீட்டெடுத்த வடிவம் என்பதற்கு அடையாளமாக முன்னால் * இடுவது வழக்கம்.

இந்த மொழியின் பெயராக்க விகுதிகளுக்குப் பாடநூல்களில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள்: -தெர் என்றால் செய்பவன், -தி என்றால் செயல், -த்ரொ என்றால் கருவி. மனப்பாடம் செய்ய வசதியான பட்டியல்தான், ஆனால் பாதி உண்மைதான். வரம், வரன் இரண்டிலும் விகுதி ஒன்றே, வெறும் -ஒ-. பொருளைப் பிரித்தது ஸ்வரம். விகுதி, உயிரொலி மாற்றம், ஸ்வரம் மூன்றையும் சேர்த்தே ஒரு உறுப்பாகப் பார்க்க வேண்டும். விகுதியை மட்டும் கழற்றி எடுத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

முதலில் அமைப்பு. ஒரு பெயர்ச்சொல் வேர், ஆக்க விகுதி, வேற்றுமை உருபு என்ற மூன்று உறுப்புகளால் ஆனது. நம் இலக்கணத்தில் விகுதி சொல்லின் கடைசி உறுப்பு. இங்கே அது நடுவில் நிற்கும். இந்த மூன்றில் ஒவ்வொன்றும் எ, ஒ, வெற்று (அதாவது உயிரே இல்லாத நிலை) என்று மாறலாம். சில இடங்களில் நெடிலாகவும் ஆகலாம். பொதுவாக ஸ்வரம் விழும் உறுப்பில் எ நிற்கும், ஸ்வரம் இல்லாத உறுப்பு வெற்றாகச் சுருங்கும். ஸ்வரம் ஒரே உறுப்பில் நிலையாக நிற்கிறதா, வேற்றுமைக்கு வேற்றுமை இடம் மாறுகிறதா என்பதைக் கொண்டு பெயர்களை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். இந்தச் சிந்தனையை ஹோல்கர் பெடர்சன் 1926-இலும் கைப்பர் 1942-இலும் தொடங்கிவைத்தார்கள்; 1970-களில் யோஹெம் ஷிண்ட்லர் கூர்மையாக்கினார்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எ, ஒ குறில்களைத் தனியாகக் காட்ட தேவநாகரியில் இயல்பான எழுத்து இல்லை, தமிழில் உண்டு. உயிரொலி மாற்றத்தை எழுத நமக்கு அது பெரிய வசதி. ஆனால் சமஸ்கிருதத்தின் ta, tha, da, dha என்ற நான்கு தகரங்களையும் ஒரே எழுத்தில் அடக்குகிறோம். அது ஒரு பொறி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

செய்பவனைக் குறிக்கும் -தெர்- விகுதியில் மூன்று உறுப்புகளும் கோத்துக்கொண்டு வேலை செய்வதைத் தெளிவாகப் பார்க்கலாம். 'கொடுப்பவன்' என்பதற்குக் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். தோதோர் என்பதில் வேர் முழு நிலையில் இருக்கிறது, ஸ்வரம் வேரில் விழுகிறது, விகுதியில் ஒ. தொதேர் என்பதில் வேர் வெற்று நிலைக்குச் சுருங்குகிறது, ஸ்வரம் விகுதிக்குப் போகிறது, விகுதியில் எ. சமஸ்கிருதத்தில் எ, ஒ, அ மூன்றும் அகரமாகக் கலந்துவிட்டதாலும் வேர் எங்கும் தா- என்று சமப்பட்டுவிட்டதாலும் உயிர் வேறுபாடு தெரியாது. ஸ்வரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூடவே இன்னொரு அடையாளமும் இருக்கிறது. ஸ்வரம் வேரில் விழும் தாதா 'செல்வத்தை' என்று இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். ஸ்வரம் விகுதியில் விழும் தாதா 'செல்வங்களின்' என்று ஆறாம் வேற்றுமையை ஏற்கும்.

பாணினி இதைப் பிடித்த விதம் வியக்க வைக்கிறது. அவர் ஒரே விகுதிக்கு த்ருன், த்ருச் என்று இரண்டு பெயர் வைக்கிறார். கடைசியில் உள்ள ன், ச் இரண்டும் சொல்லில் தோன்றாத குறியெழுத்துகள். ன் குறியிட்ட விகுதி வந்தால் ஸ்வரம் முதல் அசையில். ச் குறியிட்டது வந்தால் கடைசியில். த்ருன் சேர்ந்த சொல்லோடு ஆறாம் வேற்றுமை வராது என்றும் ஒரு சூத்திரத்தில் சொல்லியிருக்கிறார். 1948-இல் எமில் பான்வெனிஸ்த் இந்த இரண்டையும் கிரேக்க இணையோடு சேர்த்து வைத்து, ஒன்று குறிப்பிட்ட செயலைச் செய்தவனையும் மற்றது அதைத் தன் பணியாகக் கொண்டவனையும் குறிக்கும் என்று வாதிட்டார். எல்லாச் சான்றுகளும் அந்தப் பொருள் பிரிவுக்குள் அடங்கவில்லை என்பது உண்மை. ஆனால் வடிவத்தில் இரண்டு வகை இருந்தன என்பது அசைக்க முடியாதது.

இந்த விகுதியைப் பிரிக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கர்த்தா என்பதில் கர்-தா என்று பிரிகிறது. ஆனால் 'பெற்றவன்' என்ற பொருளுள்ள ஜனிதா என்பதில் நடுவில் ஓர் இகரம் நிற்கிறது. விகுதி -தா-வா, -இதா-வா? சமஸ்கிருத இலக்கணம் அந்த இகரத்தை 'இட்' என்ற ஆகமம் என்று சொல்லி, அதை ஏற்கும் வேர்களை ஸேட் என்றும் ஏற்காதவற்றை அநிட் என்றும் பிரித்தது. விவரிப்பாக அது சரி. காரணம் 1879-இல் வெளியான சுவிஸ் மொழியியலாளர் சோசூரின் ஆய்விலிருந்துதான் தெளியத் தொடங்கியது. அந்த இகரம் விகுதிக்குச் சொந்தமில்லை, வேரின் கடைசி ஒலிக்குச் சொந்தம். அங்கே ஒரு காலத்தில் குரல்வளை ஒலி ஒன்று நின்றது. அதை ஹ என்று குறிக்கிறோம். அப்படி மூன்று ஒலிகள்: ஹ1, ஹ2, ஹ3. மெய்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அவை உயிராக மாறும். சமஸ்கிருதத்தில் மூன்றும் இகரமாகவே மாறும். கிரேக்கத்தில் தனித்தனி நிறம் எடுக்கும். தெர் விகுதியை வைத்தே மூன்றையும் காட்டலாம்: கெனெதேர் (பெற்றவன்) என்பதில் எ, பதேர் (தந்தை) என்பதில் அ, தொதேர் (கொடுப்பவன்) என்பதில் ஒ. இப்போது பிதா என்பதில் உள்ள இகரமும் துஹிதா (மகள்) என்பதில் உள்ள இகரமும் ஒரே வகை என்று புரியும். கிரேக்கத்தில் இரண்டுக்கும் அகரம். தந்தைக்கு மூல வடிவம் *ப்ஹ2தேர். 1927-இல் யெஷி குரிவோவிச், இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழியில் இந்த ஒலி எழுத்தாகவே நிற்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு இது வெறும் ஊகமாக இருக்கவில்லை.

பிதா என்பதில் விகுதியின் ரகரம் எங்கே போனது என்று கேட்கலாம். எழுவாய் வேற்றுமையில் *-தெர்-ஸ் என்று இருந்திருக்க வேண்டும். ஸகரம் விழுந்து உயிர் நீண்டு -தேர் ஆனது. சமஸ்கிருதம் அந்த ரகரத்தையும் விட்டுவிட்டது. பிதுர்க்கடன் என்று நாம் சொல்லும்போது அதே ரகரம் பத்திரமாக இருக்கிறது. பிதா என்றால் 'காப்பவன்', துஹிதா என்றால் 'பால் கறப்பவள்' என்று பிரித்துச் சொல்லும் விளக்கங்களை நம்ப வேண்டாம். உறவுமுறைச் சொற்களின் -தெர் செய்பவனைக் குறிக்கும் -தெர்-தானா என்பதற்கே உறுதி கிடையாது.

அடுத்தது -எஸ்-. தமிழ் வாசகர்களுக்கு நன்றாகப் பழக்கமான விகுதி, யாரும் விகுதி என்று நினைத்திருக்க மாட்டார்கள். எழுத்துத் தமிழில் மனம், தவம். பேச்சில் மனசு, தபசு, வயசு, சிரசு. அந்தச் சு, மனஸ், தபஸ், வயஸ், சிரஸ் என்ற சொற்களின் கடைசி ஸகரம். அந்த ஸகரம் இந்த விகுதியின் எச்சம். நினைத்தல் என்ற பொருளுள்ள வேர் *மென்-. அதோடு விகுதி சேர்ந்து எழுவாயில் *மெனொஸ், மற்ற வேற்றுமைகளில் *மெனெஸ்-. கிரேக்கத்தில் மெனொஸ் என்றால் உள்ளத்தின் வேகம், ஆவேசம். வேரில் எ, ஸ்வரமும் வேரில், பால் நடுப்பால். இந்த வகுப்பின் அடையாளம் இதுதான்.

ஸ்வரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன நடக்கும் என்பதையும் இங்கே பார்க்கலாம். முதல் அசையில் ஸ்வரம் உள்ள யசஸ் 'புகழ்'. இரண்டாம் அசையில் ஸ்வரம் உள்ள யசஸ் 'புகழுடையவன்'. அபஸ் என்பதும் அப்படியே: 'வேலை', 'வேலையில் சுறுசுறுப்பானவன்'. வரம்-வரன் கதைதான் மறுபடியும். விகுதி மட்டும் வேறு.

இந்த விகுதியின் பழமைக்கு இன்னொரு சான்று இலக்கியத்திலிருந்து வருகிறது. 1853-இல் அடால்பெர்ட் கூன் ரிக்வேதத்தின் 'ஸ்ரவஸ் அக்ஷிதம்' என்ற தொடரையும் ஹோமரின் 'க்லெஒஸ் அப்திதொன்' என்ற தொடரையும் அருகருகே வைத்தார். இரண்டுக்கும் 'அழியாப் புகழ்' என்று பொருள். ஸ்ரவஸ், க்லெஒஸ் இரண்டும் *க்லெவொஸ் என்ற -எஸ்- பெயர். அக்ஷித, அப்தித இரண்டும் -தொ- விகுதி சேர்ந்த எச்சங்கள். -தொ-வின் விதி எளிது: வேர் வெற்று நிலை, ஸ்வரம் விகுதியில், முன்னால் வேறு ஒட்டுச் சேர்ந்தால் ஸ்வரம் இடம் மாறலாம். பக்தன், புத்தன் என்ற சொற்களின் தகரத்தில் அது இன்றும் இருக்கிறது. கேட்கப்பட்ட, புகழ்பெற்ற என்ற பொருளில் சமஸ்கிருத ஸ்ருத, கிரேக்க க்லுதொஸ், லத்தீன் இன்க்லுதுஸ் மூன்றும் ஒலிக்கு ஒலி பொருந்துகின்றன.

-மென்- விகுதிக்கு நாமம், கர்மம், ஜன்மம் போதும். லத்தீன் நோமென், ஹிட்டைட் லாமன் எல்லாம் நாமத்தின் உறவினர்கள். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய சொல் பிரஹ்மன். முதல் அசையில் ஸ்வரம் இருந்தால் நடுப்பால், 'மந்திரச் சொல்'. கடைசியில் இருந்தால் ஆண்பால், 'அதை ஓதுபவன்'. வேத ஸ்வரம் பேச்சில் மறைந்த பிறகு பாலும் வேற்றுமை வடிவமும்தான் இவற்றைப் பிரித்தன. பிரம்மம், பிரம்மா என்று நமக்கு வந்தவை அந்த இரண்டுதான். கிரேக்கத்தில் இதற்கு இணை ம்னேமா 'நினைவுச் சின்னம்', ம்னேமோன் 'நினைவில் வைத்திருப்பவன்'. புதிய விகுதி எதுவும் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள விகுதியின் உயிரையோ ஸ்வரத்தையோ மாற்றிப் புதுச் சொல் உண்டாக்கும் இந்த முறைக்கு அகநிலை ஆக்கம் என்று பெயர் சொல்லலாம்.

மதி, கதி, புத்தி, சக்தி, பக்தி என்று வரிசை கட்டி நிற்கும் -தி-யில் வேறு ஒரு சிக்கல். நாம் மீட்டெடுக்கும் வடிவம் எழுவாயில் *மென்-தி-ஸ், ஆறாம் வேற்றுமையில் *ம்ன்-தெய்-ஸ். ஸ்வரம் வேரிலிருந்து விகுதிக்கு நகரும் வகுப்பு இது. ஆனால் சமஸ்கிருத மதி, லிதுவேனிய மின்திஸ் எல்லாவற்றிலும் வேர் வெற்று நிலையில்தான் இருக்கிறது. (வெற்றான மகர, னகரங்கள் சமஸ்கிருதத்தில் அகரமாகும்.) லத்தீன் மென்ஸ் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது, இரண்டு நிலைகளும் அங்கே ஒரே வடிவம் ஆகிவிடும். அப்படியானால் எழுவாயில் எ இருந்தது என்று எப்படிச் சொல்கிறோம்? ஸ்வரம் காட்டிக்கொடுக்கிறது. ரிக்வேதத்தில் மதிக்கு ஸ்வரம் கடைசியில். பிற்கால வேத நூலான சதபத பிராமணத்தில் அதே சொல்லுக்கு முதலில். கதிக்கும் அதன் கிரேக்க இணையான பஸிஸ் என்பதற்கும் ஸ்வரம் முதல் அசையில். ஸ்வரம் தாங்கும் வேர் வெற்றாக இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இங்கே வெற்றான வேரில் ஸ்வரம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்வரம் எழுவாயிலிருந்தும் வேரின் நிலை மற்ற வேற்றுமைகளிலிருந்தும் வந்து ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டால்தான் இப்படி நேரும். முரண்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பழைய நிலை தெரியும்.

-தி- சேர்ந்த சொல் மூன்று மொழிகளில் கிடைத்தவுடன் அது தாய்மொழியிலேயே இருந்தது என்று முடிவு கட்டவும் முடியாது. இந்த விகுதி ஒவ்வொரு மகள் மொழியிலும் உயிரோடு இருந்து புதுச் சொற்களைப் பெற்றுத் தள்ளியது. கிரேக்கர்கள் -ஸிஸ் என்று எந்த வினையிலிருந்தும் பெயர் செய்தார்கள். லத்தீன் அதோடு -ஓன்- சேர்த்து -தியோ ஆக்கிக்கொண்டது. தனித்தனியாக உண்டான சொற்களும் பார்வைக்கு உறவு போலத்தான் இருக்கும். சமப்படாமல் மிஞ்சிய ஸ்வரமோ, அந்த மொழியில் வினையே இல்லாமல் தனித்து நிற்கும் பெயரோ இருந்தால்தான் நம்பிக்கையோடு * இடலாம்.

-து- பற்றிச் சுருக்கமாக: சேது, தாது, தந்து, ஜந்து, வாஸ்து, ருது. இதன் இரண்டாம் வேற்றுமைதான் சமஸ்கிருதத்தில் கர்தும் (செய்ய) போன்ற எச்சங்கள். லத்தீனில் -தும் என்று முடியும் சுபைன் (நோக்கத்தைக் குறிக்கும் வினைப்பெயர்) வடிவமும் அதுவே.

கருவியைக் குறிக்கும் -த்ரொ-வுக்கு வருவோம். பா- 'குடி', பாத்திரம் குடிக்கும் கலம். வஸ்- 'உடுத்து', வஸ்திரம். நீ- 'நடத்து', நேத்திரம். மன்- 'நினை', மந்திரம். முன்னால் சொன்ன பொறி இங்கேதான் இருக்கிறது. மந்திரம் மன்-த்ர, ஆனால் சந்திரன் அப்படியல்ல, அது சந்த்-ர, 'ஒளிரும்' என்ற வேரோடு -ரொ- என்ற வேறு விகுதி. மூலத்தில் முன்னதில் வல்லொலித் தகரம் (t), பின்னதில் மெல்லொலித் தகரம் (d). தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் நிற்கும். சமுத்திரமும் அதே வகை: ஸம்-உத்-ர. தமிழ் வடிவத்தை வைத்து விகுதி பிரிக்கவே கூடாது. மூல எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சமஸ்கிருதத்திலும் ஒரு மறைப்பு உண்டு. அங்கே ல, ர பெரும்பாலும் ரகரமாகக் கலந்துவிட்டன. பாத்திரத்தின் லத்தீன் உறவினர் போகுலும். அது *போ-த்லொ- என்பதிலிருந்து வந்தது. எனவே பாத்திரத்தின் விகுதி -த்ரொ- என்று சமஸ்கிருதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கலப்பையைக் குறிக்கும் சொல் இந்தக் குழப்பத்தை முழுதாகக் காட்டுகிறது. உழுதல் என்ற ஒரே வேரிலிருந்து கிரேக்க அரொத்ரொன், லத்தீன் அராத்ரும், பழைய ஐரிஷ் அரதர் ஆகியவை -த்ரொ-. லிதுவேனிய அர்க்லஸ் -த்லொ- (அங்கே த்ல, க்ல ஆகும்). செக் மொழியின் ராத்லொ இன்னொரு வகை, மூச்சொலியோடு கூடிய -த்ஹ்லொ-. ஒரே கருவி, ஒரே வேர், மூன்று விகுதிகள். -த்ரொ-, -த்லொ-, -த்ஹ்ரொ-, -த்ஹ்லொ- நான்கையும் ஒரே குடும்பமாக வைப்பதே சரி. எந்தச் சூழலில் எது வரும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி இல்லை.

-ரொ- விகுதிக்கு இன்னொரு விசித்திரப் பழக்கம் இருக்கிறது. டச்சு அறிஞர் வில்லெம் காலந்த் 1890-களின் தொடக்கத்தில் கவனித்தது: -ரொ- சேர்ந்த அடைச்சொல் கூட்டுச்சொல்லின் முதற்பகுதியாக வரும்போது -ரொ-வை விட்டு -இ- எடுத்துக்கொள்ளும். 'வேகமான, பளிச்சிடும்' என்பது தனியாக ருஜ்ர. 'வேகமான நாய்களை உடையவன்' என்ற பெயரில் ருஜிச்வன். கிரேக்கத்திலும் தனியாக அர்கொஸ், கூட்டில் அர்கி-. நம்மிடம் உள்ள சுக்கிரன், சுசி இரண்டும் இதே உறவில் பிறந்தவை. ஒளிர்தலைக் குறிக்கும் சுச்- என்ற வேரில் ஒன்று -ரொ-, மற்றது -இ-.

விகுதி வெளிப்படையாகத் தெரியாமல் வேரின் உயிர் வீங்கும் முறையும் உண்டு. வானத்தைக் குறிக்கும் *த்யெவ்- வெற்று நிலையில் *திவ்-. அதற்குள் புதிதாக எகரத்தைச் செருகி, கடைசியில் ஒ சேர்த்தால் *தெய்வொ-, 'வானத்துக்கு உரியவன்'. சமஸ்கிருத தேவ, லிதுவேனிய தியேவஸ், லத்தீன் தேஉஸ் அதிலிருந்து வந்தவை. சமஸ்கிருதம் இந்த வழியை விருத்தி என்று பெரிதாக வளர்த்தது: சிவனிலிருந்து சைவம், விஷ்ணுவிலிருந்து வைணவம், புத்தனிலிருந்து பௌத்தம், குருவிலிருந்து கௌரவர்.

-ஹ2 என்ற விகுதி நடுப்பாலின் பன்மையாகவும் பின்னாளில் பெண்பாலாகவும் தெரிகிறது. 1889-இல் யோஹான்னஸ் ஷ்மிட் அந்தப் பன்மை உண்மையில் தொகுதிப் பெயராக இருந்த ஒருமை என்று காட்டினார். அதனால்தான் கிரேக்கத்தில் 'விலங்குகள் ஓடுகிறது' என்று நடுப்பால் பன்மைக்கு ஒருமை வினை வரும், ஹிட்டைட்டிலும் அவ்வாறே. நம் பேச்சில் 'மாடுங்க மேயுது' என்பதற்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை, ஆனால் கிரேக்க விதியைப் புரிந்துகொள்ள நமக்குச் சிரமமும் இல்லை. ஹிட்டைட்டில் பெண்பாலே கிடையாது. அது இழந்துவிட்டதா, மற்ற மொழிகள் பின்னால் உண்டாக்கிக்கொண்டனவா என்ற விவாதத்தில் இரண்டாவது பக்கமே வலுவாக எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் பழையது ர/ன மாற்றம். எழுவாயில் விகுதி ரகரமாகவும் மற்ற வேற்றுமைகளில் னகரமாகவும் இருக்கும். ஹிட்டைட்டில் தண்ணீர் வாதர், தண்ணீரின் விதெனஸ். 1915-இல் பெத்ரிஹ் ஹ்ரோஸ்னி அந்த மொழியைப் படித்தறிய இந்த வாதர் என்ற சொல் கைகொடுத்தது. நெருப்பு பஹ்ஹுர், நெருப்பின் பஹ்ஹுவெனஸ். ஈரல் சமஸ்கிருதத்தில் யக்ருத், ஈரலின் யக்னஸ். லத்தீனில் யெகுர், யெகினொரிஸ். மற்ற மொழிகளில் இது சில சொற்களில் மட்டும் உறைந்து நிற்க, ஹிட்டைட்டில் மட்டும் -ஆதர், ஆறாம் வேற்றுமையில் -அன்னஸ் என்று புதுப் பெயர்களை ஆக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் இரண்டு கிளைகளும் தமிழ் வரை வந்திருக்கின்றன. சமுத்திரத்தில் ரகரக் கிளை. உதகத்தில் னகரக் கிளை, *உத்ன்-கொ- என்பதன் வெற்று னகரம் அகரமானது.

உழுதலைக் குறிக்கும் அர்- வேரையும் நம் ஏர் என்ற சொல்லையும் இணையத்தில் பலர் இணை வைக்கிறார்கள். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆனால் ஓரசைச் சொற்கள் எந்த இரண்டு மொழிகளிலும் இப்படி மோதிக்கொள்ளும். வாதர்-விதெனஸ், யக்ருத்-யக்னஸ் என்பவை வேறு தரத்துச் சான்று: எந்த வேற்றுமையில் ரகரம், எதில் னகரம் என்ற ஒழுங்கற்ற ஒரு நடத்தையே மொழிக்கு மொழி பொருந்துகிறது. சொல்லைக் கடன் வாங்கலாம்; அதன் வேற்றுமைக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கின்மையைப் பொதுவாக யாரும் கடன் வாங்குவதில்லை. ஏர் அர்- வேரின் உறவு என்று சொல்ல விரும்புபவர், அதன் -த்ரொ-வுக்கோ -த்லொ-வுக்கோ தமிழில் என்ன ஈடு என்பதை முதலில் காட்ட வேண்டும்.